மொட்டை மேட்டுக்குப் போட்ட உரம்

என் கணவருக்கும் என் அண்ணனுக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொரை ஒரே கிழமையில், ஒரே நாற்றுமேடையிலிருந்து, ஒரே வயதுக் கன்றுகளைக் கொடுத்தார். கணவருக்கு மலை உச்சியில் இருந்த மொட்டை மேடு. அண்ணனுக்குக் கீழே ஆற்றோரத்துப் பள்ளம். ஏன் அப்படிப் பிரித்தார் என்று யாரும் கேட்கவில்லை. தோட்டத்தின் மேல் பிரிவில் கணவர் கங்காணி, கீழ்ப் பிரிவில் அண்ணன் கங்காணி. அவரவர் பிரிவில் சும்மா கிடந்த நிலம் அவரவருக்கு வந்தது. அதற்காக எங்கள் வீட்டு மானம் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் போகும் என்று அன்றைக்கு யார் நினைத்தது?

அறுபதுகள் முடிந்து எழுபது பிறந்த காலம் அது. எங்கள் தோட்டம் தெமோதரை ஸ்டேஷனுக்கு மேலே இருந்தது. கீழ்ப் பிரிவில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் பிறந்து, மேல் பிரிவு லயத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு கொழுந்து மலைதான் தூரம். அண்ணனைத் தவிர எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அப்பா அம்மா போன பிறகு என்னைக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான்.

தேயிலையைக் காயவைக்கும் ஸ்டோருக்கு விறகு வேண்டும். பழைய மரங்களை வெட்டி வெட்டித் தீர்த்துவிட்டார்கள். அதனால் சீக்கிரம் வளரும் யூக்கலிப்டஸ் போடுவதென்று தொரை முடிவெடுத்தார். நாங்கள் அதை டேப்பன்டைன் மரம் என்போம். தொரை வெள்ளைக்காரர் இல்லை, கொழும்புப் பக்கத்துக்காரர். தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். பேசும்போது வயதானவரையும் 'நீ' என்பார்.

மேட்டில் கன்று வைத்த கூட்டத்தில் நானும் இருந்தேன். ஐப்பசி மழை பிடித்திருந்தது. ஆண்கள் இரும்பு அலவாங்கால் குழி குத்திக்கொண்டே போனார்கள். பெண்கள் பின்னால் போய்க் கன்றை இறக்கி, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்தோம். அலவாங்கு அடிக்கடி 'ணங்' என்றது. மலையில் கல் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தோம். எங்கள் ஊவாப் பக்கத்தில் மானாப்புல் மேடுகள் எல்லாமே அப்படித்தான் இருக்கும். ஆடு மாடுகூட அங்கே நின்று மேயாது. கன்றுகளுக்கு வேர் பிடித்ததும் கணவர் உரம் போட்டார். டின்பால் பேணியால் அளந்து, கன்றைச் சுற்றி வளையமாகத் தூவி, மேலே மண் மூடுவார். அந்த வேலையை அவர் வேறு யாரிடமும் விடமாட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவர் கையிலிருந்து உர நாற்றம் சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கையாலேயே எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "கன்னெல்லாம் சும்மா நிமிந்து நிக்குது, பாத்தியா?" என்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கன்றுகளைப் பற்றித்தான் பேசுவார்.

முதல் வருஷம் இரண்டு இடத்திலும் கன்று நன்றாகத்தான் வந்தது. இரண்டாவது வருஷம் ஆடிக்காற்று அடித்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. பள்ளத்தில் அண்ணன் வைத்த மரங்கள் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டன. ஒரு காலத்தில் அங்கே மாட்டுப்பட்டி இருந்ததாம். மேலிருந்து மழைத்தண்ணி இழுத்துக்கொண்டு வரும் மண்ணெல்லாம் அங்கேதான் படியும். மேட்டில் கணவர் வைத்தவை இடுப்பு உயரத்தோடு நின்றன. இலைகள் சிவந்து ஊதாவாகிப்போயின. நுனிக் குருத்து கருகி, பக்கவாட்டில் குச்சி குச்சியாகத் துளிர்த்து, மரமா செடியா என்று தெரியாத உருவத்தில் இருந்தன. அந்த மேடு ரயிலில் போகிறவர்களுக்கும் தெரியும். பதுளைக்குப் போகிற சனம் ஜன்னல் வழியே முதலில் பச்சைப் பள்ளத்தையும், வளைவு திரும்பியதும் அந்த மஞ்சள் மேட்டையும் பார்த்துக்கொண்டு போகும்.

பீலியில் தண்ணி பிடிக்கும்போது பேச்சு ஆரம்பித்தது. யாரும் என்னிடம் நேராகச் சொல்லவில்லை. "கீழ அவருக்கு நல்ல கைராசி" என்பார்கள். என் அண்ணனைப் புகழ்ந்தால் நான் சந்தோஷப்படவேண்டும். ஆனால் அந்தப் புகழ்ச்சிக்குள் என் புருஷனுக்குக் கைராசி இல்லை என்பதும் இருந்தது. அண்ணன் பெண்சாதி, என் மதினி, ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஒங்க வூட்டுக்காரரு ஒரத்த மரத்துக்குப் போடுறாரா, புல்லுக்குப் போடுறாரா?" அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே மேட்டில் மானாப்புல் ஆளை மறைக்கிற மாதிரி வளர்ந்திருந்தது. நானும் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். காது மட்டும் சுட்டது.

கணவர் கணக்கப்பிள்ளை ஐயாவிடம் சொல்லி இன்னும் உரம் வாங்கினார். பள்ளத்துக்குக் கொடுத்ததைவிட அதிகம். அதையும் போட்டார். மழை பெய்ததும் புல் இன்னும் எழுந்தது. மழை நின்று காற்று வந்ததும் மரங்களின் இலை ஓரம் தீய்ந்து சுருண்டது. கூடுதலாக உரம் போட்ட கன்றுகள்தான் முதலில் செத்தன. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "என்னான்னே வெளங்கல" என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலைப் பெரட்டில், எல்லாரும் பேர் கொடுக்க வரிசையாக நின்றபோது, தொரை அவரை முன்னால் வரச் சொன்னார்.

"மேட்டுக்கு எவ்வளவு ஒரம் போயிருக்கு தெரியுமா?"

"தெரியுங்க தொரை."

"பள்ளத்துக்குப் போனதவிட கூட. மரம் எங்க?"

கணவர் தலை குனிந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"ஒரம் எங்க போச்சு? எந்த மரக்கறித் தோட்டத்துக்குப் போச்சு?"

அந்தக் காலத்தில் வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கும் முட்டைக்கோவாவும் போடுகிறவர்கள் உரத்துக்கு அலைந்தார்கள். தோட்டத்து உரம் வெளியே போகிற கதைகள் இருந்தன. அதனால் அந்தக் கேள்விக்கு அர்த்தம் என்ன என்று பெரட்டுக்களத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். நான் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு பெண்கள் பக்கத்தில் நின்றேன். என்னைச் சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள். அதுதான் தாங்கமுடியவில்லை.

"எல்லாத்தையும் மரத்துக்குத்தாங்க போட்டேன்" என்றார் கணவர். குரல் அவருக்கே கேட்டிருக்காது.

நான் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டு ஆள் வந்தது. லயத்துக்குப் போனால் எங்கள் வீட்டுக் காம்பராவின் முன்னால் சின்னத் தொரையும் கணக்கப்பிள்ளை ஐயாவும் காவல்கார வாச்சரும் நின்றார்கள். கூட என் அண்ணனும் நின்றார். வீட்டைச் சோதிக்கப் போகிறோம், கதவைத் திற என்றார்கள்.

வாசலில் நான் கோவாவும் போஞ்சியும் போட்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆட்டுப் புழுக்கையும் அடுப்புச் சாம்பலும்தான் அதற்கு எரு. கோவா அந்த வருஷம் நன்றாகக் கட்டியிருந்தது. சின்னத் தொரை அதன் முன்னால் குனிந்து நின்று பார்த்தார்.

"இது மட்டும் எப்படி இப்படி வளருது?"

"ஆட்டெருங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வாச்சருக்குக் கைகாட்டிவிட்டார். வேலைக்குப் போகாத கிழவிகளும் பிள்ளைக்காரிகளும் லயத்து ஓரம் முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாச்சர் ஒரு கோவாவைப் பிடுங்கி வேரைத் தட்டி, மண்ணை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தான். உரக் குருணை ஒன்றும் இல்லை. ஆனாலும் அடுத்ததைப் பிடுங்கினான். பிடுங்கியதைத் திருப்பி நடமுடியாது. கடைசியில் பாத்தியில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

உள்ளே போனது அண்ணன். அரிசிப் பானையைக் கூடைக்குள் கவிழ்த்தார். அந்தக் கிழமைக்குக் கூப்பனில் கிடைத்த அரிசி. அதைக் கையால் கிளறினார். விறகை இழுத்துப் போட்டார். படுக்கும் சாக்கை உதறினார். அப்புறம் என் தகரப்பெட்டியைத் திறந்தார். கலியாணச் சேலைக்கு அடியில், பெண்கள் யார் கண்ணிலும் படாமல் மடித்து வைக்கிற துணிகள் இருந்தன. அண்ணன் கை அதில் பட்டது. அவர் அப்படியே நின்றார். பிறகு பெட்டியை மூடிவிட்டு வெளியே வந்து, "இதுல ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

அவர் என்னைத் தாண்டிப் போனபோது நான் தரையைப் பார்த்தேன். அவரும் தரையைத்தான் பார்த்திருப்பார்.

ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்காக யாரும் 'சரி, இவன் எடுக்கவில்லை' என்று சொல்லவில்லை. விற்று முடித்துவிட்டான் என்றுதான் ஆனது. கணவரின் கங்காணி வேலை போனது. புல்வெட்டுக் கூட்டத்தில் சாதாரண ஆளாகச் சேர்த்தார்கள். மேட்டை அண்ணனிடம் கொடுத்து, செத்த கன்றுகளின் இடத்தில் புதுக் கன்று வைக்கச் சொன்னார்கள். அந்தப் புல்வெட்டுக் கூட்டமும் அண்ணனின் கைக்குத்தான் போனது. அதாவது என் புருஷன் என் அண்ணனிடம் பேர் கொடுத்து, அவர் காட்டுகிற இடத்தில் புல் வெட்டவேண்டும். கணவர் ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் நின்றதில்லை. அண்ணன் பேரைக் கூப்பிடும்போது "ஆமாங்க" என்பாராம். முன்பெல்லாம் அவரை "மச்சான்" என்பார்.

அன்றிலிருந்து நான் பிறந்த வீட்டுப் படி ஏறவில்லை. தீபாவளிக்கு மதினி பலகாரம் கொடுத்தனுப்பினாள். வாங்கி வைத்தேன். நாங்கள் இருவரும் தொடவில்லை, எறும்பு தின்றது.

தெமோதரைக் கடைகளில் தெரிந்த முகங்கள் அதிகம். அதனால் சாமான் வாங்க ஹாலிஎலவுக்கு பஸ் ஏறுவோம். அங்கே ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் வாங்குவது வழக்கம். ஒரு தடவை நான் கருவாடு வாங்க நிற்கும்போது, பக்கத்தில் நின்ற மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "நீங்க அந்த மேல் பிரிவு கங்காணி வூட்டு அம்மாதானே? ஒரம் மிச்சம் இருந்தா நமக்கும் சொல்லுங்க. வெல பேசிக்கலாம்."

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். திருட்டுப் பொருள் கேட்கிறோம் என்ற கூச்சம்கூட இல்லை. நாங்கள் எடுத்தோம் என்பது அவ்வளவு தூரத்தில் இருப்பவருக்கும் தீர்ந்துபோன விஷயமாக இருந்தது. நானா தராசைக் கீழே வைத்தார். "அந்தப் பேச்சு இந்தக் கடையில வேணாம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமலே கருவாட்டைச் சுற்றிக் கொடுத்தார். அவர் எனக்காகத்தான் பேசினார். ஆனால் அப்போது அவருக்கும் விஷயம் தெரியும் என்பது எனக்கு உறைத்தது. திரும்பும் பஸ்ஸில் கடைசி சீட்டில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் கணவரிடம் அதைச் சொல்லவில்லை.

மேட்டில் அண்ணன் புதுக் கன்று வைத்தார். நான் பக்கத்து மலையில் கொழுந்து எடுக்கும்போது தூரத்தில் அவருடைய ஆட்கள் தெரிவார்கள். மானாப்புல்லை வேரோடு வெட்டி எறியச் சொன்னார். சின்னத் தொரையே நேரில் நின்று பார்க்க, உரம் போட்டார். பேணிக் கணக்கில் ஒரு குறையும் சொல்லமுடியாது. பள்ளத்து மரங்களோ அதற்குள் கையால் சுற்றிப் பிடிக்கமுடியாத அளவுக்குப் பெருத்துவிட்டன. அவற்றுக்கு உரம் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். போடாமலே வளர்ந்தன.

அடுத்த ஆடிக்காற்றில் அண்ணனின் கன்றுகளுக்கும் இலை சிவந்தது. குருத்து கருகியது. என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அது எழுந்ததற்காகவே உடம்பு கூசியது. அவர் என் அண்ணன். அவருக்கும் இனிமேல் பெரட்டில் அந்தக் கேள்வி வரும். மதினியின் பெட்டியையும் யாராவது திறப்பார்கள்.

மழைக்காலம் தொடங்கிய சமயம் ஒரு நாள் பகலில் பெருங்காற்றும் மழையும் சேர்ந்து அடித்தது. மேட்டில் கணவர் முதலில் வைத்தவற்றில் கொஞ்சம் தேறி நின்ற சில மரங்கள் இருந்தன. அவையும் சாய்ந்தன. மறுநாள் காலை, பெரட்டு நடக்கும்போது, அண்ணன் சாய்ந்த மரம் ஒன்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தார். ஈர மண் அவர் சட்டையெல்லாம் அப்பியிருந்தது. தொரைக்கு முன்னால் மரத்தைப் போட்டார்.

"என்னா இது?" என்றார் தொரை.

"மேட்டுல விழுந்த மரங்க. வேரப் பாருங்க தொரை."

வேர் கீழ்நோக்கிப் போகவே இல்லை. வட்டச் சுளகு மாதிரித் தட்டையாக நாலா பக்கமும் படர்ந்திருந்தது. நடுவில் கீழே இறங்கப் பார்த்த வேர் ஏதோ தடுத்த மாதிரி மடங்கி, பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

"ஒரு மொழம்கூட எறங்கலீங்க. கீழ பாறை. நான் போட்டாலும் இப்புடித்தான் வரும், என் மச்சான் போட்டாலும் இப்புடித்தான் வரும்."

'என் மச்சான்' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் கணவர் புல்வெட்டு ஆட்களோடு பின்வரிசையில் நின்றார். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணன் அதைக் கணவருக்காகச் சொன்னாரா, தனக்கு வரப்போவதைத் தடுக்கச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டுக்கும்தான் இருக்கும்.

தொரை மரத்தைக் காலால் புரட்டிப் பார்த்தார். அவருக்கும் சந்தேகம் வந்திருக்கவேண்டும். இன்னும் நிறைய இடத்தில் விறகு மரம் போடும் எண்ணம் அவருக்கு இருந்தது. சில நாட்களில் பதுளையிலிருந்து வன இலாகா உத்தியோகத்தர் ஒருவரை வரவழைத்தார். வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், காலில் போட்ட சப்பாத்தில் சேறு படுவதைப் பற்றிக் கவலைப்படாதவர். மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்றாகக் குழி தோண்டச் சொன்னார். தோண்ட அனுப்பப்பட்ட ஆட்களில் என் கணவரும் ஒருவர்.

மேட்டில் முழங்கை ஆழம் போவதற்குள் அலவாங்கு நின்றுவிட்டது. மேலே கொஞ்சம் கறுப்பு மண், அடியில் வெள்ளைச் சரளைக்கல், அதற்கடியில் பாளம் பாளமாகப் பாறை. பள்ளத்தில் கணவர் கழுத்தளவு இறங்கியும் மண் முடியவில்லை. அடியில் பிடித்தால் உருட்டக்கூடிய ஈரம் இருந்ததாம். உத்தியோகத்தர் தொரையிடம் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். பிறகு குழிக்குள் நின்ற கணவரிடம் கேட்டார்.

"மேல உரம் போட்டது நீங்களோ?"

"ஆமாங்க. ஆரம்பத்துல நாந்தான்."

"போட்ட உரம் முழுக்கப் புல்லுக்கும் மழைத்தண்ணிக்கும் போயிட்டுது. மண் இருந்தால்தான் உரம் வேலை செய்யும். அங்க தண்ணி நிக்கவே இடமில்லை. காய்ஞ்ச காலத்தில நீங்கள் கூடப் போட்டது வேரைச் சுட்டிருக்கும். இங்க பாருங்கோ, ஒரு பிடி போட்டாலும் மரம் அதை எடுத்திருக்கும், போடாட்டிலும் வளந்திருக்கும். இது நிலத்தின்ர குணம். உங்கட பிழையில்லை."

இதைக் கணவர் அன்று சாயங்காலம் வந்து எனக்கு ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பேச்சையும் அப்படியே சொல்லிக் காட்டினார். 'உங்கட பிழையில்லை' என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னார். சொல்லிவிட்டு, தேத்தண்ணியைக் குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அந்த உத்தியோகத்தர் குழிக்குள் சொன்னதைத் தொரை பெரட்டில் சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் முன்னால் கேட்ட கேள்விக்கு எல்லாருக்கும் முன்னால் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேட்டை இனிமேல் சும்மா விடுங்கள் என்று மட்டும் உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு கணக்கப்பிள்ளை ஐயா கணவரைக் கூப்பிட்டு, "நாளையிலருந்து பழையபடி ஒன் கூட்டத்த நீயே பாத்துக்க" என்றார். அவ்வளவுதான். மறுநாள் பெரட்டில் கணவர் தொரைக்கு முன்னால் போய், தொப்பியை எடுத்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"ரொம்ப நன்றிங்க தொரை."

தொரை தலையை அசைத்தார். வேறு யாரையோ கூப்பிட்டார்.

அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம், வீட்டைச் சோதித்த அன்றைக்குக்கூட வரவில்லை. அன்று நாங்கள் தப்புச் செய்யவில்லை என்பதாவது உள்ளே இருந்தது. இன்று, பறித்ததைத் திருப்பிக் கொடுத்தவருக்கு, பறிகொடுத்தவரே நன்றி சொல்லிக்கொண்டு நிற்கிறார். சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன்.

"எதுக்குக் கும்பிட்டீங்க?"

"கும்பிடாம?"

"அவருதானே ஒங்கள கள்ளன்னு சொன்னாரு. அவருல்ல கேக்கணும் மன்னிப்பு?"

அவர் கோபப்படவில்லை. கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "கேப்பாரா?" என்றார். துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே, "இந்தக் காம்பராவ வுட்டா நமக்குப் போக எடம் எங்க இருக்கு, சொல்லு" என்றார். எங்களுக்கு ஒரு சாண் நிலம் எந்த நாட்டிலும் இல்லை. அப்போது எங்களுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை, இந்தியப் பாஸ்போட்டும் இல்லை. நான் கேட்டதற்கு அவர் ஒரே பதில்தான் சொல்லமுடியும் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டுவிட்டேன்.

இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி அண்ணன் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போக உத்தரவு வந்தது சில வருஷங்களுக்குப் பிறகு. அதற்குள் தோட்டத்தை அரசாங்கம் எடுத்து, தொரையும் மாறிப்போயிருந்தார். மாவுக்கும் அரிசிக்கும் தவித்த பஞ்ச காலமும் வந்து போயிருந்தது. அந்தப் பஞ்சத்தில் மதினி தன் பிள்ளைகளுக்கு வைத்திருந்த மரவள்ளிக் கிழங்கில் பாதியை எங்களுக்குக் கொடுத்தனுப்பினாள். அதைத் தின்றோம். பேச்சுவார்த்தையும் அதோடு மெல்லத் திரும்பியது. ஆனால் அண்ணனும் நானும் தனியாக உட்கார்ந்து பேசியதில்லை.

புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கணவர் வேண்டுமென்றே வெற்றிலை வாங்கப் போய்விட்டார். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"தங்கச்சி, அன்னைக்கு அந்தப் பெட்டிய" என்றார். நிறுத்தினார். "தொரை என்னய அனுப்பல. நானாத்தான் வாரேன்னு சொன்னேன். வாச்சர்தான் வூட்டுக்குள்ள போறதா இருந்துச்சு. அவன் கை ஒஞ் சாமான்ல படக்கூடாதுன்னு முந்திக்கிட்டேன்."

இத்தனை வருஷம் நான் அதை வேறுமாதிரி நினைத்திருந்தேன். தன் வேலையைக் காப்பாற்றத் தங்கச்சி வீட்டைக் கிளறினார் என்று நினைத்திருந்தேன். இப்போது அவர் சொல்வது உண்மையென்றே பட்டது. ஆனாலும் அந்த நாளின் கூச்சம் கொஞ்சமும் குறையவில்லை.

"வாச்சர் தொறந்திருந்தா தேவலண்ணே" என்றேன். "அவன் யாரோ."

அவர் தலையாட்டினார். நான் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தேன். குடித்தார். கணவர் வெற்றிலையோடு வந்தார். இருவரும் இந்தியாவில் எந்தப் பக்கம் போடுவார்கள், குளிர் எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தெமோதரை ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டபோது நான் மதினியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அண்ணன் என் தலையில் கைவைத்தார். ரயில் போன பிறகுதான் அவரிடம் சரியாக இரண்டு வார்த்தை பேசவில்லையே என்று தோன்றியது. நீலகிரிப் பக்கம் ஏதோ தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார் என்று பிறகு போனவர்கள் மூலம் கேள்விப்பட்டோம். நாங்கள் போகவில்லை. எங்களுக்கு வருஷங்கள் கழித்து இந்த நாட்டுப் பிரஜாவுரிமைதான் கிடைத்தது.

கணவர் எண்பதுகள் வரை கங்காணியாக இருந்தார். அதற்குப் பிறகும் வேறு மலைகளில் விறகு மரம் போட்டார்கள். எங்கே கன்று வைக்கச் சொன்னாலும் அவர் முதலில் இரண்டு இடத்தில் குழி தோண்டி, புதுத் தொரைமாரைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவர்கள் பொறுமையாகப் பார்ப்பார்கள். மண் ஆழமாக இருந்த இடங்களில் அவர் வைத்த மரங்கள் நன்றாக வந்தன, பாராட்டும் கிடைத்தது. ஆனால் இளைய ஆட்கள் அவரைப் பார்த்துச் சிரிக்க ஒரு காரணமும் இருந்தது. உரம் போட்டு முடித்ததும் அவர் ஒவ்வொரு சாக்காக எடுத்து, உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி, எல்லார் முன்னாலும் இரண்டு கையாலும் உதறுவார். ஒரு குருணை மிச்சமில்லை என்று தெரியும்வரை உதறுவார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பழைய கதை தெரிந்தவர்களும் அப்போது தோட்டத்தில் குறைவு.

"கெழவனுக்குச் சாக்கு மேல என்னா கோவமோ" என்று ஒருவன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் கொழுந்துக் கூடையோடு நின்றேன். என்னைப் பார்த்தும் அவன் சிரித்தான். நான் புல்லைப் பார்த்தேன். அவர் கடைசிச் சாக்கை உதறி, மடித்து, அக்குளில் வைத்துக்கொண்டு மலையிறங்கத் தொடங்கினார்.